கை நனைத்த வீடு

1

அவரைக்காய் சீசன் வந்துவிட்டால் பெங்களூரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த வாசனைதான். போன வாரம் ஒரு காலை, நானும் சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்துக்கொண்டு பிதுக்குப் பருப்புக்காக உரித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் பிசுபிசு என்றிருந்தது. அந்த நேரம் பார்த்து ஃபோன் சிணுங்கியது. இலங்கையிலிருந்து ராஜேஸ்வரி அக்கா குரலில் செய்தி அனுப்பியிருந்தார். எழுத்தெல்லாம் தட்டுவதற்கு அவருக்குப் பொறுமை கிடையாது, எதையும் பேசித்தான் அனுப்புவார்.

“தங்கச்சி, நீங்கள் குசினி வைக்கப்போறன் எண்டு காட்டின மூலை இருக்கெல்லே, அதுக்குப் பக்கத்தில ஒரு முருங்கைக் கொப்பு நட்டு விட்டனான். இண்டைக்குப் பாத்தால் துளிர்த்திருக்கு. நீங்கள் வந்து சேரேக்க இலை பிடுங்கிச் சமைக்கலாம். தம்பிக்கும் சொல்லுங்கோ. வைக்கிறன் என்ன.”

குசினி என்றால் சமையலறை. அங்கே போய்த்தான் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டேன். தம்பி என்று அவர் சொல்வது என் வீட்டுக்காரரை. இன்னொரு முறை அந்தக் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரைக்காயை அப்படியே போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

யாரோ ஒரு அக்கா நமக்காக முருங்கை நட்டிருக்கிறார், சந்தோஷப்படாமல் இதென்ன கூத்து என்று நீங்கள் கேட்கலாம். அந்த மூலையில் நான் ஒருநாளும் அடுப்பு மூட்டப் போவதில்லை. அந்த நிலத்தை வாங்கும் எண்ணமே இல்லாமல்தான் நானும் என் வீட்டுக்காரரும் கடல் தாண்டிப் போனோம். வாங்குகிறவர்கள் மாதிரி நடித்தோம். அந்த வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து தின்றோம். சிரித்துக்கொண்டே கிளம்பி வந்தோம். வெட்கக்கேடு.

2

நான் குடியாத்தத்துக்காரி. கல்யாணமாகி பெங்களூருக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. “பஸ் ஏறினா மத்தியானச் சோத்துக்கு வந்துடலாம், இதுக்குப் பேரு புலம்பெயர்வா?” என்று என் தம்பி கேலி செய்கிறான். செய்யட்டும். மாநில எல்லையில் இருக்கும் அத்திபெலே செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் வந்து குடித்தனம் நடத்திப் பார்த்தால் அவனுக்குத் தெரியும். என் பெயர் வசந்தி. இங்கே ரேஷன் கார்டில் வசந்தம்மா. திருத்தச் சொல்லிப் போனபோது, கவுண்டரில் இருந்தவர் “அம்மா அந்த்ரே மரியாதெ அல்வா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். அம்மா என்றால் மரியாதைதானே என்கிறார். கார்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். ஊருக்குப் போனால் கொஞ்சம் என்பதற்குப் பதிலாக “ஸ்வல்ப தள்ளி உக்காரு” என்று வாயில் வந்துவிடுகிறது, சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் மனோகர் தங்கவயல்காரர். அவருடைய தாத்தா வடஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர். சுரங்கம் நலிய ஆரம்பித்ததுமே மனோகர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆனார். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட், அதுதான் எங்கள் மொத்தச் சொத்து. ஒரே மகள் நிவேதா. கூப்பிடு தூரத்தில் வேலை, ஆனால் பி.ஜி. விடுதியில் தனியாக இருக்கிறாள். ஏன் என்று கேட்டால் “ஸ்பேஸ் வேணும்மா” என்பாள். எங்களோடு பேசும்போது பாதி இங்கிலீஷ், கால்வாசி கன்னடம், மிச்சம் மீதி இருந்தால் தமிழ்.

இப்போது நான் சொல்லப்போகும் பழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இங்கே வீட்டு மனைக்கு சைட் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமையானால் சைட் விற்கும் கம்பெனிக்காரர்கள் பொம்மசந்திரா சிக்னலில் வேன் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஏறி உட்கார்ந்தால் அத்திபெலே தாண்டி எங்கேயோ ஒரு பொட்டல் காட்டுக்குக் கொண்டுபோய், ஷாமியானா போட்டு, மோர் கொடுத்து, பிரியாணி போட்டு, திரும்பும்போது கையில் ஒரு டிபன் பாக்ஸும் கொடுத்து அனுப்புவார்கள். சைட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வாங்கினால்தான் சாப்பாடு என்று யாரும் சொல்வதில்லை.

நிவேதா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதுதான் எங்கள் பிக்னிக். ஆளுக்கு ஒரு வேஷம் வைத்திருந்தோம். மனோகர் வெயிலில் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு கல் நட்ட எல்லையெல்லாம் நடந்து பார்த்து, “கன்வர்ஷன் ஆய்டுச்சா? காத்தா எந்த காத்தா?” என்று நிலத்தின் தஸ்தாவேஜையெல்லாம் குடைவார். நான் “கிழக்குப் பாத்த சைட் இருக்குதா? சமையல்கட்டு இங்க வருமா?” என்பேன். நிவேதா “பார்க் எங்கே அங்கிள், ஊஞ்சல் போடுவீங்களா?” என்று கேட்பாள். கடைசியில் ஃபோன் நம்பர் கேட்டால், அந்தக் குட்டிதான் முந்திக்கொண்டு ஒரு தப்பு நம்பரைக் கடகடவென்று ஒப்பிப்பாள். வேனில் திரும்பி வரும்போது மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். கம்பெனிக்காரனுக்கும் எங்களைத் தெரியும், எங்களுக்கும் அவனைத் தெரியும். யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

சில மாதங்களுக்கு முன்னால் மனோகர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார்.

“வசந்தி, இத கேளு. கடலோரத்துல ரிசார்ட் கட்ட இடம். கம்மி வெல. ஃபாரின்!”

“ஃபாரின்னா எங்க?”

“இலங்கை. திருகோணமலைக்கு வடக்கால. அன்பான உபசரிப்புன்னு போட்டுக்கிறாங்கோ. காணி பாக்க வர்றவங்களுக்குத் தங்கறதும் சாப்பாடும் இலவசமாம்.”

அவர் கண் எந்த வரியில் நின்றது என்று எனக்குத் தெரியாதா? “ரிட்டயர் ஆன ஆளுக்கு ரிசார்ட் ஒரு கேடா?” என்றேன். “வாங்கப் போறது யாரு? சைட் விசிட்டுதாண்டி. இந்த வாட்டி ஏரோப்ளேன்ல” என்றார். நான் சிரித்தேன். அதைத்தான் இப்போது என்னால் மறக்க முடியவில்லை. அவர் சொன்னதும் நான் சிரித்தேன்.

டிக்கெட் மலிவாக வந்த ஒரு நாளில் நிவேதாவே போட்டுக் கொடுத்தாள். கம்பெனி வேன் வரும், பேனர் இருக்கும், கோட்டு போட்ட பையன்கள் கும்பலாக நிற்பார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டே கொழும்பிலிருந்து பஸ் பிடித்துப் போய் இறங்கினோம். பஸ் நிலையத்தில் லுங்கி கட்டிய ஒரு பெரியவர், சட்டைப் பொத்தானை அவசரமாகப் போட்டுக்கொண்டே எங்களிடம் வந்தார். “பெங்களூர் தம்பியாக்களோ? நான் குணம். வாங்கோ, வாங்கோ. சரியாக் களைச்சுப் போனியள்” என்று என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். பின்னால் ஒரு ஆட்டோ நின்றது. அவ்வளவுதான் கம்பெனி.

ஆட்டோவில் ஏறும்போதே மனோகர் என் காதில், “இன்னாடி இது, வீட்டுக்குக் கூட்டினு போற மாதிரி கீது?” என்றார்.

வீடேதான். கடலுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓடு போட்ட வீடு. பக்கத்தில் பயணிகளுக்காகக் கட்டிய இரண்டு சின்ன அறைகள். வாசலில் ராஜேஸ்வரி அக்கா நின்றிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். என் முகத்தைப் பார்த்ததும், ஏதோ பல வருஷம் கழித்து வரும் தங்கையைப் பார்ப்பது போல இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ. பிறகு குளியுங்கோ. பிறகு சாப்பிட்டுப் படுங்கோ. காணி எங்கயும் ஓடாது” என்றார்.

விருந்தாளிகளுக்கான அறையில் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றவில்லை. பார்த்துவிட்டு, எங்கள் சாமானைத் தூக்கித் தங்கள் அறையிலேயே வைத்துவிட்டார்கள். அவர்கள் இருவரும் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். “நீங்கள் என்ன வாடகைக்கே வந்தனீங்கள்? அயலுக்கு வரப்போற ஆக்கள்” என்றார் குணம் அண்ணன்.

அயல் என்ற சொல் எனக்கு முதலில் பிடிபடவில்லை. அக்கம்பக்கம் என்று அர்த்தம். பிடிபட்டபோது என் முதுகில் சுருக்கென்று ஏதோ குத்தியது. ஆனால் அந்த நேரம் பார்த்துக் கணவாய் மீன் கறி வாசனை வந்தது.

என்ன சாப்பாடு அது! விடிந்தால் புட்டும் தேங்காய்ப்பால் சொதியும். மத்தியானம் அன்றைக்குக் கரைக்கு வந்த மீன். நண்டு வாங்கினால் சதை நிறைந்ததைப் பொறுக்கி எங்கள் தட்டில் வைப்பார்கள். இன்னும் போடட்டுமா என்று கேட்பதெல்லாம் கிடையாது, பேசிக்கொண்டே இருக்கும்போது தட்டில் வந்து விழும். மனோகர் வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு “அக்கா, இந்தக் கொழம்பு இன்னா இப்படிக் கீது!” என்று உருகுவார். ராஜேஸ்வரி அக்காவுக்கு அவர் பேச்சைக் கேட்டால் சிரிப்பு அடங்காது. “படத்தில கதைக்கிற மாதிரியே கதைக்கிறார்” என்பார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பா ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில், பெண் பார்க்கப் போகிறவர்கள் சம்மதம் இருந்தால்தான் பெண் வீட்டில் சோற்றில் கை வைப்பார்கள். அதற்கு முன்னால் தண்ணீர், காபியோடு சரி. இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் ஒப்புக்கொண்டாயிற்று என்று அர்த்தம். என் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் நல்ல பசி நேரம். உள்ளே வடை சுடும் வாசனை. பெண் வீட்டார் இலை போட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு ஜாதகத்தில் ஏதோ இழுபறி. “மன்னிச்சுக்குங்க, முடிவு சொல்லாம கை நனைக்கக் கூடாது” என்று எழுந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் வந்து பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். நான் அன்றைக்கு அப்பாவைத் திட்டிக்கொண்டே பன்னைத் தின்றேன்.

அந்த அப்பாவின் மகள்தான் கிணற்றடியில் நண்டுக் கையைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

4

நிலத்தைக் காட்டினார்கள். வீட்டுக்கு வடக்கே, தென்னங்கீற்று முடைந்த கிடுகு வேலிக்கு அப்பால், தென்னைகள் நிற்கும் மணல் நிலம். எட்டிப் பார்த்தால் கடல் தெரியும்.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நாங்கள் திட்டம் போட்டு நடிக்கவில்லை. வேலியைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் எல்லாம் தானாக ஆரம்பித்தது. மனோகர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். “பட்டா கிளியரா அண்ணே? வெளிநாட்டுக்காரன் பேர்ல எழுதலாமா, லீஸா?” என்று ஆரம்பித்தார். நான் கிழக்கு எது என்று பார்த்தேன். ஒரு மூலையில் போய் நின்றுகொண்டு, “அக்கா, எனக்கு சமையல்கட்டு இங்கதான் வேணும். ஜன்னலத் தொறந்தா உங்க வீட்டுக் கெணறு தெரியணும். ‘என்னக்கா இன்னைக்குக் கொழம்பு?’னு இங்கேருந்தே கேக்கணும்” என்றேன்.

ராஜேஸ்வரி அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி யாரும் என் எதிரே அழுததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தென்னையை அண்ணாந்து பார்த்தேன்.

சாயங்காலம் தேத்தண்ணி குடிக்கும்போது அவரே சொன்னார். ஒரே மகன், கனடாவில் இருக்கிறான். அப்பா அம்மாவை அங்கே வந்துவிடச் சொல்லி ஓயாமல் கேட்கிறான். அந்தக் கரையில் முன்பிருந்த குடும்பங்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு ஹோட்டல்காரர் முழு இடத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“மகன் சொல்லுறதிலயும் பிழையில்லை, தங்கச்சி. இவருக்கு நெஞ்சுக்குள்ள நோ வந்தால் நான் ஆரைக் கூப்பிடுறது? கத்தினால் கடலுக்குத்தான் கேக்கும். ஆனால் எனக்கு அங்க போகேலாது. பனிக்குள்ள ஒரு அறையில இருந்து கண்ணாடியால ரோட்டைப் பாத்துக்கொண்டு... எனக்கு ஏலாது. அதுதான் மகனிட்டக் கேட்டனான், மாரி முடியும் மட்டும் பொறு, ஒரு நல்ல அயல் கிடைச்சால் நாங்கள் இஞ்சையே இருக்கிறம். கிடைக்காட்டி எல்லாத்தையும் குடுத்திட்டு வாறம் எண்டு. அவன்தான் ரிசார்ட் எண்டு தன்ர பாட்டில எழுதி விளம்பரம் போட்டுத் தந்தவன்.”

“அதனாலதான் வெல கம்மியாக்கா?” என்று கேட்டார் மனோகர். அவர் குரலும் இறங்கியிருந்தது.

“காசு பாத்தால் ஹோட்டல்காரனுக்கே குடுக்கலாமே. எங்களுக்கு மனிசர் வேணும்” என்றார் குணம் அண்ணன்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இந்தத் தேத்தண்ணியை எப்படிக் குடித்து முடிப்பது, ராத்திரி அவர்கள் கட்டிலில் எப்படிப் படுப்பது, மறுநாள் யார் முகத்தில் விழிப்பது என்றெல்லாம் யோசித்தேன். என் மானத்தைத்தான் யோசித்தேன், அவர்களை யோசிக்கவில்லை. “கவலைப்படாதீங்கக்கா, நாங்க இருக்கோம்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கேட்டீர்களா? நாங்கள் இருக்கிறோமாம்.

கிளம்பும்போது வறுத்த மிளகாய்த்தூள், பனங்கட்டி, கருவாடு என்று ஒரு பெட்டி கட்டிக் கொடுத்தார்கள். மனோகர் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பு வரைக்கும் பஸ்ஸில் வந்தார். சைட் விசிட் போய்விட்டு நாங்கள் சிரிக்காமல் திரும்பியது அதுதான் முதல் தடவை.

5

வந்த பிறகு வாரா வாரம் அக்காவிடமிருந்து குரல் வரும். கடல் எப்படி இருக்கிறது, மழை தொடங்கிவிட்டதா, என்ன மீன் வந்தது. கடைசியில் மட்டும், மெதுவாக, “அந்த அலுவல் என்ன மாதிரி?”

பதில் சொல்லும் வேலையை மனோகர் எடுத்துக்கொண்டார். இந்தியாவிலிருந்து பணம் அனுப்ப பேங்கில் அனுமதி கேட்டிருக்கிறோம் என்றார். பான் கார்டில் ஒரு எழுத்து வித்தியாசம், திருத்தக் கொடுத்திருக்கிறோம் என்றார். ஆபீசர் லீவு என்றார். உண்மையில் எங்கள் ஆபீஸ்களில் இதெல்லாம் நடப்பதுதானே, அதனால் கேட்பவருக்குச் சந்தேகமே வரவில்லை. “பாவம், உங்களுக்கும் அலைச்சல்” என்று எங்களுக்காக அவர் வருத்தப்பட்டார்.

“கடைசியா லீஸ் சட்டம் ஒத்துவரலன்னு சொல்லி முடிச்சிடலாம் வசந்தி. யாரு மனசும் நோவாது” என்றார் மனோகர்.

“நம்ம மனசு நோவாதுன்னு சொல்லுங்க.”

“இப்ப இன்னாத்துக்கு என்மேல பாயற? சமையல்கட்டு இங்க வேணும்னு கேட்டது நானா?”

நான் அடுப்பைத் துடைக்கப் போனேன். பின்னாலேயே வந்து அவரே, “நெசமாவே வாங்கிடலாமான்னுகூட ஒரு நாள் கணக்குப் போட்டேன். ஃப்ளாட்ட வித்தாத்தான் முடியும். வித்துட்டு நிவியோட பி.ஜி.லயா போய் இருக்கறது?” என்றார். அவரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

முருங்கைச் செய்தி வந்த அன்று மத்தியானம் லிஃப்ட்டில் நான்காவது மாடி ஷைலஜா ஏறினாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “ஆன்ட்டி, அங்கிள் நம்பர் கொட்ரு. நாவும் லீவுக்கு ஹோக்தீவி! ஊட்ட சூப்பர் அந்தெ?” என்றாள். அங்கிள் நம்பர் கொடுத்தாராம், அவளும் குடும்பத்தோடு லீவுக்குப் போகிறாளாம், சாப்பாடு பிரமாதமாமே என்று கேட்கிறாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “சைட் பேக்கு அந்த ஹேளிதரெ சாக்கு, அல்வா?” என்றாள். சைட் வேண்டும் என்று சொன்னால் போதும், இல்லையா?

வீட்டுக்குள் நுழைந்ததும் மனோகரிடம் கத்தினேன். அவர் தலை நிமிரவே இல்லை. “திரும்பி வந்த மறுநாள், பார்க்கிங்ல சும்மா பேசினிருந்தப்ப வாய் விட்டுட்டேன்டி. அப்புறமா வேணாம்னு சொல்ல எனக்கு மொகம் இல்ல” என்றார்.

நிவேதாவுக்கு ஃபோன் போட்டு அழுதேன். அவள் ஏதோ மீட்டிங்கில் இருந்தாள் போலிருக்கிறது, குசுகுசுவென்று பேசினாள். “அம்மா, சும்னிரு. இதுல என்ன இருக்கு? நாம சின்ன வயசுலேர்ந்து பண்றதுதானே. ஜஸ்ட் ப்ளாக் பண்ணிடு.”

“யாரடி ப்ளாக் பண்றது?”

“அந்த ஆன்ட்டி நம்பரத்தான். தப்பு நம்பர் குடுத்திருந்தா இந்தப் பிராப்ளமே வந்திருக்காது.”

அவளை நான் திட்டவில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு திட்டுவது? தமிழ் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை, ஊர்ப் பழக்கம் சொல்லிக்கொடுக்கவில்லை என்று இத்தனை வருஷம் என்னையே நொந்துகொண்டிருந்தேன். கற்றுக்கொடுத்தது ஒன்று இருக்கிறது. அதை அவள் ஒழுங்காகப் படித்து வைத்திருக்கிறாள்.

6

மறுநாள் காலை மனோகர் குளித்துவிட்டு வந்ததும் அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். “இப்ப பேசப் போறேன். லீஸ் சட்டம் கிட்டம்னு நடுவுல வாயத் தொறந்தீங்க, நல்லாயிருக்காது” என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதற்கு முன்பே ஷைலஜாவின் கதவைத் தட்டி, அங்கே போக வேண்டாம், அது கம்பெனி இல்லை, ஒரு வீடு, நாங்கள் ஏமாற்றிவிட்டு வந்தோம் என்று சொல்லியிருந்தேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். பார்க்கட்டும். இனி லிஃப்ட்டில் அவளோடு நிற்பது கஷ்டம்தான்.

ராஜேஸ்வரி அக்கா உடனே எடுத்துவிட்டார். “ஓம், சொல்லுங்கோ தங்கச்சி! இப்பதான் உங்களை நினைச்சனான்” என்றார்.

“அக்கா, நாங்க அந்த எடத்த வாங்கல.”

“காசு இடறுதோ? அதுக்கென்ன, மெல்ல மெல்லத் தாங்கோவன். உங்களை ஆர் அவசரப்படுத்தினது?”

“காசு இல்லக்கா. வாங்கணும்னு நெனச்சு நாங்க வரவே இல்ல. மொத நாள்லேருந்தே. இங்க எங்க ஊர்ல சும்மா போய் எடம் பாத்துட்டு, சாப்பிட்டுட்டு வர்ற பழக்கம் உண்டு. அந்த மாதிரி வந்தோம். பேங்க், பான் கார்டு எல்லாம் பொய்.”

எதிர்ப்பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. கோழி ஒன்று கொக்கரித்தது. லைன் போய்விட்டதோ என்று ஃபோனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

“அப்ப, குசினி இஞ்சதான் வேணும் எண்டு நீங்கள் சொன்னது?”

“சும்மா சொன்னதுக்கா.”

“ஓ.”

அவர் திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். என்னென்ன சொல்லுவார், அதற்கு நான் எப்படி மன்னிப்புக் கேட்பது என்றெல்லாம் குளிக்கும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன். பக்கத்தில் மனோகர் என் புடவை முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

“மகனுக்குச் சொல்லிப்போட்டன், தங்கச்சி” என்றார் கடைசியில். “ஆக்கள் கிடைச்சிட்டினம், நாங்கள் வரேல்லை எண்டு. இனி மாத்திச் சொல்ல வேணும்.”

“அக்கா...”

அப்போது தூரத்திலிருந்து குணம் அண்ணன் குரல் கேட்டது. “ஆரப்பா ஃபோனில?”

“வசந்தியாக்கள்” என்று ராஜேஸ்வரி அக்கா உரக்கச் சொன்னார். “சும்மா சுகம் விசாரிக்க எடுத்தவை.”

“எப்ப வருகினமாம்?”

அவர் ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கணவருக்குக் கேட்காத குரலில் என்னிடம் சொன்னார். “அவருக்கு நான் பின்னேரம் சொல்லுறன். உங்கட பக்கம் போய் வர வேலியை வெட்டிப் படலை வைக்கிறார். காலமையில இருந்து தண்ணிகூடக் குடிக்கேல்லை. முடிச்சுப்போட்டு வரட்டும், சாப்பாட்டைக் குடுத்திட்டுச் சொல்லுறன்.”

படலை என்றால் வேலியில் வைக்கும் சின்னக் கதவு. அக்கா, தயவுசெய்து அவரை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஃபோனுக்குள் சுத்தியல் சத்தம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்ப வைக்கட்டே, தங்கச்சி?” என்று கேட்டார் ராஜேஸ்வரி அக்கா. நான் சரி என்று சொல்லும்வரை காத்திருந்துவிட்டுத்தான் வைத்தார்.